பாரம் போடும் டின்

செலாயாங்,
செவ்வாய்க்கிழமை இரவு.

அன்புள்ள ஆட்ரி அக்காவுக்கு,

தங்கை பெர்னிஸ் எழுதிக்கொள்வது. நாங்கள் எல்லாரும் சுகம் என்றுதான் தொடங்க வேண்டும். ஆனால் நம் வீட்டில் அந்தச் சொல்லை ஒரு நாளைக்கு முப்பது தடவை கேட்டுக் கேட்டு எனக்கு அலுத்துவிட்டது. நீ நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா, ஜொகூர் ஆஸ்பத்திரியில் நைட் டியூட்டி கொஞ்சமாவது குறைந்ததா என்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன்.

நீ வீட்டை விட்டுப் போன நான்கு வருஷத்தில் உனக்கு நான் எழுதும் முதல் கடிதம் இது. சரித்திரப் பாடத்துக்கான செஜாரா நோட்டின் கடைசிப் பக்கங்களில் எழுதுகிறேன். யாராவது எழுந்து வந்தால் பரீட்சைக்குப் படிக்கிறேன் என்று சொல்லலாம். துணி துவைக்கும் மிஷினுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்திருக்கிறேன். அப்பா இருமும்போதெல்லாம் பேனா நின்றுவிடுகிறது. கையெழுத்து மோசமாக இருந்தால் அதுதான் காரணம்.

போன் என்னிடம் இல்லை. வருகிற ஞாயிறு சபையின் பத்தாம் ஆண்டு விழா. அதற்காக இருபத்தொரு நாள் உபவாசம். வாலிபர்கள் எல்லாரும் போனை ஒப்படைக்க வேண்டும் என்று மூப்பர் கென்னத் அங்கிள் ஒரு ரொட்டிக் கூடையை நீட்டினார். "பாஸ்டர் மகளே மொதல்ல போடட்டும்லா, மத்த புள்ளைங்க பாக்குதுங்க" என்றார். போட்டேன். அதனால் இந்தத் தாளைக் கௌசலா போனில் படம் பிடித்து உனக்கு அனுப்புவாள். பிறகு கிழித்துப் போடச் சொல்லியிருக்கிறேன். அவள் படித்தாலும் பரவாயில்லை. நான்கு வருஷமாக உன் பார்சலைத் தன் பெயரில் வாங்கி, வகுப்பில் மேசைக்கு அடியில் எனக்குக் கொடுக்கிறவளிடம் மறைக்க என்ன இருக்கிறது?

பார்சல் எல்லாம் வந்து சேர்ந்தன அக்கா. மூன்று மாதத்துக்கு ஒன்று, தவறாமல். சின்னத் துண்டில் சுற்றிய ஆஸ்துமா பம்ப். உள்ளே ஒரு சீட்டு இருக்குமா என்று ஒவ்வொரு தடவையும் துண்டை உதறிப் பார்ப்பேன். இருக்காது. எனக்கு அது புரிகிறது. கடைசியாக வந்த பம்பின் பின்னால், இன்னும் எத்தனை தடவை அடிக்கலாம் என்று காட்டும் எண் இன்று முப்பத்தொன்று. விழா நடக்கப்போகும் கிள்ளான் புது மண்டபத்தில் பெயின்ட் வாசனை. அங்கே போய் வரும் நாளெல்லாம் அதிகம் தேவைப்படுகிறது.

அப்பா என்னிடம் ஒரு வேலை கொடுத்திருக்கிறார். விழா மலருக்குச் சபையின் வரலாற்றை எழுத வேண்டும். "ஒனக்குத்தான் தமிழ் நல்லா வருது, நீயே எழுதும்மா. நடந்தத நடந்த மாதிரி எழுது" என்றார். நடந்ததை நடந்த மாதிரி. அதைக் கேட்டதுமே எனக்கு மூச்சு வாங்கியது.

நான்கு பக்கம் எழுதிக் கொடுத்துவிட்டேன். அப்பா படித்து அழுதார். அச்சுக்குப் போய்விட்டது. அதில் என்ன எழுதினேன், என்ன எழுதவில்லை என்பது உனக்குத் தெரிய வேண்டும். வேறு யாரிடமும் சொல்ல முடியாது.

கம்போங் மேடானில் கலவரம் நடந்த வருஷத்தில் தொடங்கினேன். அப்போது உனக்கு இரண்டு வயது. பொழுது சாய்ந்தால் யாரும் வெளியே போக மாட்டார்களாம். பிரிக்பீல்ட்ஸில் தாத்தாவின் ரயில்வே குவார்ட்டர்ஸ் காலத்திலிருந்து அப்பா போய்க்கொண்டிருந்த பழைய பாப்டிஸ்ட் சபைக்கும் போக முடியவில்லை. அதனால் நம் ஃப்ளாட்டிலேயே, மூன்றாம் மாடியில், சோபாவை நடைபாதையில் தள்ளிவிட்டு அப்பா ஜெபக்கூட்டம் வைத்தார். பகலெல்லாம் லோரி ஓட்டிவிட்டு வந்து கிரீஸ் போகாத கையால் கித்தார் வாசிப்பாராம். பதினொரு பேர். பயந்துபோன பதினொரு பேர் கதவைச் சாத்திக்கொண்டு சத்தமாக ஜெபித்தபோது ஒரு மாலை அப்பாவுக்கு ஆவியில் அந்நிய பாஷை வந்தது, யாருக்கும் புரியாத சொற்களாக. அடுத்து அம்மாவுக்கு. பயம் விட்டுப் போனது என்று அம்மா இன்றைக்கும் சொல்வாள். அதைப் பொய் என்று நான் நினைக்கவில்லை அக்கா.

பிரிக்பீல்ட்ஸ் மூப்பர்கள் அப்பாவைக் கூப்பிட்டுத் தேநீரும் பலகாரமும் கொடுத்து மரியாதையாகத்தான் பேசினார்களாம். "கை தட்டு, தப்பில்ல. ட்ரம்ஸ் வேணாம். ஜெபம் பண்ணு, பாஷை வேணாம். நம்ம முறைன்னு ஒண்ணு இருக்குலா தம்பி" என்றார்களாம். அப்பா ஞாயிறு பள்ளி அலமாரிச் சாவியை மேசையில் வைத்துவிட்டு வந்துவிட்டார். அங்கிருந்து இரண்டை மட்டும் எடுத்து வந்தார். ஒன்று முழுக்கு ஞானஸ்நானம். மற்றது, எதையும் உறுப்பினர்கள் கை தூக்கி முடிவு செய்வது. இரண்டையும் மலரில் எழுதியிருக்கிறேன்.

பிறகு பதின்மூன்று வருஷம் அதே பதினொரு பேர். ஒருவர் வந்தால் ஒருவர் போவார். அப்பா அந்த நாட்களைப் பற்றி எழுதச் சொல்லவில்லை. நானாக ஒரு வரி எழுதினேன்: "பாஸ்டர் திமோத்தி சோர்ந்துபோகவில்லை." அதை அவர் பேனாவால் அடித்துவிட்டு, "சோந்துதான்மா போனேன்" என்றார்.

அடுத்தது பிஸ்கட் டின். உனக்குத் தெரியாததா? கூட்டம் முடிந்ததும் அவரவர் பாரத்தைச் சின்னச் சீட்டில் எழுதி நீல நிற பிஸ்கட் டின்னில் போடுவார்கள். மாதக் கடைசியில் அப்பா அதைக் கீழே எடுத்துப்போய்க் கொளுத்துவார். மலரில் நான் எழுதியது இது: "ஆறு வயதுச் சிறுமி பெர்னிஸ், பிறந்தது முதல் ஆஸ்துமாவால் அவதிப்பட்டவள், ஒரு வெள்ளிக்கிழமை யாரும் சொல்லாமலே எழுந்து சென்று தன் பம்பை டின்னில் போட்டாள். அன்று முதல் அவள் அதைத் தொடவில்லை."

அன்றைக்கு மத்தியானம் நீ அந்தப் பம்பைக் குலுக்கிப் பார்த்துவிட்டு, "இது முடிஞ்சிருச்சுடி, தூக்கிப் போட்டுரு. புதுசு என் பையில இருக்கு" என்றாய். பள்ளிச் சீருடையில் இருந்தாய். நான் அதைக் கையிலேயே வைத்து விளையாடிக்கொண்டிருந்தேன். சாயந்திரம் எல்லாரும் சீட்டுப் போட்டார்கள். டின்னில் போடுவதையெல்லாம் அப்பா எரித்துவிடுகிறாரே, அது வேண்டாததைப் போடும் இடம் என்றுதான் எனக்குத் தெரியும். நான் எழுந்து போய்ப் போட்டேன். டங் என்று சத்தம் கேட்டது. அப்பா கண்ணைத் திறந்தார்.

எனக்கு ஞாபகம் இருப்பது அவருடைய முகம்தான். யாரும் என்னை அப்படிப் பார்த்ததில்லை. அதற்குப் பிறகு அந்தப் பதினொரு பேரும் என்னைத் தூக்கித் தூக்கி அழுதார்கள். நீ கதவருகே நின்று என்னையே பார்த்தாய். உனக்குப் பதினைந்து வயது. உன் பையில் புது பம்ப் இருந்தது. நீயும் வாயைத் திறக்கவில்லை.

ஏன் சொல்லவில்லை என்று நான் உன்னைக் கேட்டதே இல்லை. அந்த முகத்தைப் பார்த்துவிட்டு யாரால் சொல்ல முடியும்?

அடுத்த வெள்ளிக்கிழமை நாற்பது பேர் வந்தார்கள். மூன்றே மாதத்தில் படிக்கட்டிலும் உட்கார்ந்தார்கள். செலாயாங்கில் டயர் கடைக்கு மேலே மாடி எடுத்தோம். பக்கத்துப் பாசார் சந்தையின் மீன் வாடை ஜன்னல் வழியாக வரும். அங்கேதான் சபைக்குப் பெயர் வைத்தார்கள்: சுவாச வாசல் பாப்டிஸ்ட் ஐக்கியம். என் சுவாசம், அக்கா. ராவாங், செந்தூல், காப்பார் என்று இப்போது ஏழு கிளைகள். டின் போய்க் கண்ணாடிப் பெட்டி வந்தது. அதில் சிகரெட் பாக்கெட், மூக்குக் கண்ணாடி, மாத்திரை அட்டை எல்லாம் கிடக்கின்றன. ஓர் அங்கிள் உற்சாகத்தில் பல்செட்டைப் போட்டுவிட்டு மறுநாள் காலையில் வந்து, "பாஸ்டர், ரொட்டிகூட கடிக்க முடியல" என்று திரும்ப வாங்கிப் போனார். அப்பாவே சிரித்துவிட்டார். எல்லாவற்றுக்கும் நடுவில் ஒரு சின்ன மரப்பலகை மேல் என் முடிந்துபோன பம்ப்.

கமலநாதன் அங்கிளைப் பற்றி மலரில் ஒரு வரியும் இல்லை. டாக்சி ஓட்டினாரே, பிரஷர் மாத்திரையைப் பெட்டியில் போட்டாரே, அவர்தான். நீ நர்சிங் படித்தபோது பக்கவாதத்தில் வார்டில் கிடந்த அவரைப் பார்த்துவிட்டு நேரே சபைக்கு வந்தாய். இன்றைக்கும் வருகிறார். சக்கர நாற்காலியில் முதல் வரிசை. வலது கை மடியில் கிடக்கும். அவருடைய விசுவாசம் சோதிக்கப்படுகிறது என்கிறார்கள். என்னைப் பார்த்தால் இடது கையைத் தூக்கிக் காட்டுவார்.

இதற்கு மேல் எழுத முடியவில்லை. அப்பா அறையில் விளக்கு எரிகிறது. மீதியை இன்னொரு நாள் எழுதுகிறேன். ஒன்று மட்டும் சொல்லி முடிக்கிறேன். காப்பாரிலிருந்து மகதலேனா ஆன்டி என்று ஒருவர் ஆறு மாதமாக வருகிறார். கையுறைத் தொழிற்சாலையில் வேலை. கணவர் இல்லை. மகள் ஜோவிட்டாவுக்கு ஆறு வயது. அவளுக்கும் ஆஸ்துமா. ஞாயிற்றுக்கிழமை கிள்ளான் மண்டபத்தில் எல்லாக் கிளைகளுக்கும் முன்னால் நான் அவளுடைய கையைப் பிடித்து அழைத்துப் போய் அவளுடைய பம்பைப் பெட்டியில் போட வைக்க வேண்டுமாம். அப்பா தீர்மானித்துவிட்டார்.

உன் உடம்பைப் பார்த்துக்கொள்.

இப்படிக்கு,
பெர்னிஸ்.


செலாயாங்,
வெள்ளிக்கிழமை இரவு.

அன்புள்ள அக்காவுக்கு,

முதல் கடிதம் உனக்கு வந்துவிட்டது, நீ பார்த்ததற்கு நீல அடையாளம் விழுந்தது என்று கௌசலா சொன்னாள். பதில் இல்லை என்றும் சொன்னாள். நான் எதிர்பார்க்கவில்லை. சும்மா கேட்டேன், அவ்வளவுதான்.

இந்த மூன்று நாளில் நடந்ததை வரிசையாக எழுதிவிடுகிறேன். அலைச்சலில் எனக்கே குழம்பிப் போகிறது.

புதன்கிழமை கிள்ளானில் நாற்காலி அடுக்கப் போனோம். அங்கே மகதலேனா ஆன்டியைத் தனியாகப் பிடித்தேன். தண்ணீர்க் குழாய் பக்கத்தில். "ஆன்டி, ஜோவிட்டாவுக்கு பம்ப நிறுத்தாதீங்க. ஞாயித்துக்கெழமைக்கு அப்பறமும் குடுங்க. ப்ளீஸ்" என்றேன். அவர் சிரித்து, என் கன்னத்தைப் பிடித்துக் கிள்ளினார். "சோதிச்சுப் பாக்குறியா பொண்ணு? அப்பா அனுப்புனாரா? போய்ச் சொல்லு, ஆன்டி அசையலன்னு. திங்கக்கெழமையே நிறுத்திட்டேன். ஒன்னயப் பாத்துத்தாம்மா எனக்கு இந்தத் தைரியமே வந்துச்சு" என்றார்.

என்ன சொன்னாலும் அது ஒரு சோதனையாகவே அவருக்குக் கேட்கும் என்று அப்போது தெரிந்தது. நம் சபையில் ஞாயிறு தோறும் அப்படித்தானே சொல்லிக் கொடுக்கிறோம். சந்தேகம் யார் வாயில் வந்தாலும், பாஸ்டர் மகள் வாயிலேயே வந்தாலும், அசையாதே என்று.

அன்றைக்கே அப்பாவிடமும் சொல்லப் பார்த்தேன். திரும்பி வரும்போது ஃபெடரல் ஹைவேயில் ஒரே நெரிசல். நாங்கள் இரண்டு பேர்தான் காரில். அப்பா இளைத்துவிட்டார் அக்கா. ஏழு கிளைக்கும் ஓடி ஓடி, ஷூவைக் கழற்றாமலே தூங்குகிறார். கண் சொக்காமல் இருக்க என்னைப் பேசச் சொன்னார். "அப்பா, அந்தப் பம்ப்…" என்று ஆரம்பித்தேன். அவர் முந்திக்கொண்டார். "பதிமூணு வருஷம்மா. பதினோரு பேரு. நிறுத்திரலாம்னு நெனச்சு அன்னைக்குத்தான் கடைசிக் கூட்டம் வச்சேன். ஒங்கம்மாகிட்டகூடச் சொல்லல. டங்குன்னு ஒரு சத்தம் கேட்டுச்சு பாரு. அது இல்லன்னா நான் இன்னும் லோரிதான் ஓட்டிக்கிட்டு இருப்பேன். அதுகூடப் பரவால்ல. ஆனா அதுக்கப்பறம் ஜெபமே பண்ணிருக்க மாட்டேன்" என்றார்.

அதற்குப் பிறகு நான் பாட்டுப் போட்டேன்.

நேற்று வியாழன். உபவாச ஜெபம். மண்டபத்தில் இருநூறு பேருக்கு மேல். பெயின்ட் வாசனை, கதவெல்லாம் சாத்திக் குளிர்ச்சாதனம். மூன்றாவது பாட்டிலேயே ஜோவிட்டாவுக்கு மூச்சு இளைக்க ஆரம்பித்துவிட்டது. நான் மேடை ஓரத்தில் கீபோர்ட் பக்கம் இருந்தேன். அவ்வளவு சத்தத்திலும் அது எனக்குக் கேட்டது. உனக்கும் கேட்டிருக்கும். தோள் ஏறி ஏறி இறங்கியது. கழுத்துக் குழி உள்ளே போனது. பெண்கள் எல்லாரும் சுற்றி நின்று கையை நீட்டிப் பாஷையில் ஜெபித்தார்கள். சத்தம் கூடக் கூட அந்தப் பிள்ளையின் கண் பெரிதாகிக்கொண்டே போனது. மகதலேனா ஆன்டி கண்ணை இறுக மூடியிருந்தார். திறந்து பார்த்தால் தோற்றுவிடுவோம் என்று மூடியிருந்தார்.

நான் கூட்டத்துக்குள் புகுந்து ஜோவிட்டாவைத் தூக்கினேன். "பாத்ரூம் போகணுமாம்" என்று யாரிடமோ சொன்னேன். உள்ளே போய்த் தாழ்ப்பாள் போட்டேன். தண்ணீர் மிஷின் பக்கத்திலிருந்து எடுத்த பேப்பர் கப்பின் அடியில் பேனாவால் ஓட்டை போட்டேன். என் பம்பின் வாயை அதில் சொருகி, கப்பை அவள் மூக்கையும் வாயையும் மூடிப் பிடித்தேன். நீ கம்போங் மேடான் ஃப்ளாட்டின் குளியலறையில் எனக்குச் செய்த மாதிரியே. ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணச் சொல்லி, நீ சொன்ன மாதிரியே மெதுவாகச் சொன்னேன். ஆறு தடவை கொடுத்தேன், நடுவில் நிறுத்தி நிறுத்தி. உதட்டில் நிறம் வந்தது.

அவள் என்னைப் பார்த்து, "அக்கா, ஒங்களுக்குத்தான் சொகமாயிருச்சே. அப்பறம் இது ஏன் வச்சிருக்கீங்க?" என்று கேட்டாள்.

நான், "யார்கிட்டயும் சொல்லாத, என்ன?" என்றேன்.

அவள் தலையை ஆட்டினாள். சின்ன விரலை நீட்டிச் சத்தியம் செய்தாள். அப்போதுதான் அக்கா, எனக்கு நினைவு வந்தது. நான் மூடிய கழிப்பறை மேலேயே உட்கார்ந்துவிட்டேன். பத்து வருஷத்துக்கு முன்னால் நானும் அதே விரலைத்தான் உனக்கு நீட்டினேன்.

நாங்கள் வெளியே வந்ததும் அவள் அம்மாவைப் பார்த்து ஓடினாள். ஓடினாள்! மண்டபம் முழுக்க எழுந்து நின்றது. ட்ரம்ஸ் அடித்தார்கள். கென்னத் அங்கிள் தரையில் முழங்கால் போட்டுவிட்டார். அப்பா மேடையிலிருந்து இறங்கி வந்து என் கையைப் பிடித்து மேலே தூக்கினார். அவர் கை ஈரமாக இருந்தது. "சொகமானவ கைக்கே இப்ப சொகமாக்குற வரம் வந்துருச்சு" என்றார். அந்தக் கையில்தான் கால் மணி நேரத்துக்கு முன்னால் பம்ப் இருந்தது.

இன்று காலையிலிருந்து ஏழு கிளைக்கும் செய்தி போயிருக்கிறது. இளைப்பு உள்ள பிள்ளைகளை எல்லாம் ஞாயிற்றுக்கிழமை கூட்டி வரச் சொல்லி. பள்ளி விட்டு வந்தபோது அம்மா பெயர்ப் பட்டியலைக் குளிர்ப்பெட்டி மேல் ஒட்டியிருந்தாள். பத்தொன்பது பிள்ளைகள். ஆளுக்கு ஒரு பம்ப். பெட்டி போதாது என்று பெரிய பெட்டி செய்யக் கொடுத்திருக்கிறார்கள்.

இரக்கப்பட்டு ரகசியமாகச் செய்தால் அது இப்படித்தான் முடியும் போலிருக்கிறது. நீ எனக்குக் கொடுத்த ஒவ்வொரு மூச்சும் சபைக்கு ஒரு சாட்சியாகப் போனது. நேற்று நான் ஜோவிட்டாவுக்குக் கொடுத்ததும் போனது. அவள் பம்பைப் பெட்டியில் போட விடாமல் இருந்தால் அவளை மட்டும் காப்பாற்றலாம். ஆனால் பத்தொன்பது பிள்ளைகளையும் கழிப்பறைக்குத் தூக்கிக்கொண்டு நான் போக முடியாது. பம்பில் இப்போது எண் பதினான்கு.

அதனால் நான் ஞாயிற்றுக்கிழமை சொல்லப் போகிறேன்.

நான் சாட்சி சொல்லும் நேரம் பத்தரை மணி. ஐந்து நிமிடம் கொடுத்திருக்கிறார்கள். எனக்கு அரை நிமிடம் போதும். அந்தப் பம்ப் முடிந்துபோன பம்ப். அதனால்தான் போட்டேன். எனக்கு இன்னும் ஆஸ்துமா இருக்கிறது. இந்த மூன்றையும் நேற்று இரவிலிருந்து குளிக்கும்போதெல்லாம் தண்ணீரைத் திறந்துவிட்டுச் சொல்லிச் சொல்லிப் பார்க்கிறேன். மூன்றாவது வரிக்கு வருவதற்குள் குரல் போய்விடுகிறது.

கமலநாதன் அங்கிளை வார்டில் பார்த்துவிட்டு நீ வந்த அந்தக் கூட்டத்தில் போன மாதிரி. நான் ஆறாம் வகுப்பு படித்த வருஷம். டயர் கடை மாடியில் நீ எழுந்து நின்று எல்லாவற்றையும் சொன்னாய். பிறகு கென்னத் அங்கிள் என்னைக் கூப்பிட்டு, "பயப்படாம சொல்லும்மா. அக்கா சொல்றது நெசமா?" என்று கேட்டார். அப்பா என்னைப் பார்த்தார். பிஸ்கட் டின்னில் நான் பம்பைப் போட்ட அன்றைக்குப் பார்த்த அதே பார்வை. நான் என்ன சொன்னேன் என்பதை இங்கே எழுத மாட்டேன். என் வலது சாக்ஸுக்குள் நீ கொடுத்த பம்ப் அப்போதும் இருந்தது. அது உனக்குத் தெரியும். நீ என் காலைப் பார்த்தாய். பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லவில்லை. ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும், சாக்ஸைக் கழற்றிப் பார்த்திருப்பார்கள்.

உன் பெயரை உறுப்பினர் பட்டியலிலிருந்து எடுப்பதற்குக் கை தூக்கினார்கள். அப்பா தூக்கவில்லை. அது உனக்குத் தெரியுமோ என்னவோ. இரண்டு கையையும் மேசைக்கு அடியில் வைத்திருந்தார். அம்மா தேநீர் பார்க்கப் போகிறேன் என்று எழுந்து போனாள். அன்றைக்குத் தேநீரே போடவில்லை.

அம்மாவைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். போன மாதம் பள்ளிச் சீருடை பினாஃபோர் பையில் பம்பை மறந்து வைத்துத் துவைக்கப் போட்டுவிட்டேன். பள்ளியில் ஞாபகம் வந்ததும் உயிரே போய்விட்டது. வந்து பார்த்தால் அது என் தலையணை உறைக்குள் இருந்தது, ஈரம் துடைத்து. அம்மா முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்க்கவே இல்லை. இன்று சாயந்திரம் ஞாயிற்றுக்கிழமைக்குப் போட வேண்டிய வெள்ளை கவுனைக் கொடுத்தாள். அதன் வலது பக்கம் ஒரு பை தைத்திருந்தாள். வெள்ளை கவுனுக்கு யாராவது பை வைப்பார்களா? கையை விட்டுப் பார்த்தேன். பம்ப் சரியாக உட்காருகிறது. "துருத்தாதுல்ல?" என்று மட்டும் கேட்டாள். பிறகு களைப்பாக இருக்கிறது என்று படுக்கப் போய்விட்டாள்.

எனக்குப் பயமாக இருக்கிறது அக்கா. அடிப்பார்கள் என்று இல்லை. அப்பா என்னை அடித்ததே இல்லை. அந்த முகம் அணைந்து போவதைப் பார்க்க வேண்டுமே, அதுதான். அவர் ஏமாற்றுக்காரர் இல்லை. ஏமாற்றுக்காரராக இருந்திருந்தால் எனக்கு இது எவ்வளவோ சுலபம். அந்தச் சபையில் குடியை விட்டவர்கள் இருக்கிறார்கள். ராவாங் கிளையில் புருஷன் போனபின் தூக்கில் தொங்கப் போன ஓர் அக்கா இப்போது சிரித்துக்கொண்டு சோறு பரிமாறுகிறார். அதெல்லாம் பொய் இல்லையே. என் மூச்சு மட்டும்தானே பொய். அதை உருவினால் எல்லாம் விழுந்துவிடுமா? இல்லை, விழாமல் நிற்குமா? எனக்குப் பதினாறு வயதுதான். எனக்கு எப்படித் தெரியும்?

களைப்பாக இருக்கிறது. பத்து வருஷமாக ஒரே கதையைச் சொல்லிச் சொல்லி, எனக்கு நடந்தது எது, நான் சொன்னது எது என்பதே கலைந்துவிட்டது. ஒரு நாள் இதைச் சொல்லாமல் தூங்க வேண்டும்.

நான் கேட்பது ஒன்றுதான். நாளை இரவு ஜொகூரில் லார்கின் பஸ் நிலையத்திலிருந்து பஸ் ஏறினால் விடிவதற்குள் வந்துவிடலாம். மண்டபம் கிள்ளான் ரயில் நிலையத்திலிருந்து பத்து நிமிட நடை. பச்சை கேட், பக்கத்தில் பர்னிச்சர் கடை. யார் முகத்தையும் நீ பார்க்க வேண்டாம், யாரிடமும் பேச வேண்டாம். வலது பக்கக் கதவோரம் கடைசி நாற்காலியில் உட்கார்ந்தால் மேடையிலிருந்து நேராகத் தெரியும். நேற்று நின்று பார்த்துவிட்டேன். அன்றைக்கு நீ என் காலைப் பார்த்தாயே, அந்த மாதிரி பார்த்தால் போதும். நீ இருந்தால் என்னால் இரண்டாவது தடவை அந்தப் பொய்யைச் சொல்ல முடியாது. நான் சொன்ன பிறகு அவர்கள் என் பெயருக்கும் கை தூக்கினால், எண்ணாதே. என்னைக் கூட்டிக்கொண்டு போ.

வராவிட்டாலும் உன்மேல் எனக்கு வருத்தம் இல்லை. நீ வந்த கடைசிக் கூட்டம் எப்படி முடிந்தது என்பது எனக்குத் தெரியும்.

வந்தால், பேப்பர் கப் கொண்டு வா அக்கா. நாலைந்து போதும். அடியில் ஓட்டை போட்டே கொண்டு வா. நான் பேசி முடித்ததும் பிள்ளைகளுக்கு யாராவது சொல்லிக் கொடுக்க வேண்டும். ஒன்று, இரண்டு, மூன்று என்று உன்னை மாதிரி மெதுவாக எண்ண இங்கே யாருக்கும் தெரியாது.

கர்த்தர் உன் வழியில் மழை இல்லாமல் பார்த்துக்கொள்ளட்டும். பஸ்ஸில் குளிரும், ஜாக்கெட் எடுத்துக்கொள்.

உன்னையே எதிர்பார்த்து,
உன் தங்கை
பெர்னிஸ்.